மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை: பட்டியலில் இல்லாத மீன்கள்

மார்ச் 9, ஞாயிறு – மன்னார்

மீன் தின்னவென்று மன்னாருக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துக்கொள்வது நல்லது. தீவின் கரையோர ஊர்களில் கத்தோலிக்கர் அதிகம். சனியோடு வள்ளங்கள் கரையேறிவிடும். ஞாயிறு பூசையும் ஓய்வும். வலை மறுபடி நனைவது அதற்குப் பிறகுதான். பாலம் தாண்டி வந்ததும் இருந்த சாப்பாட்டுக் கடையில் மீன் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இருக்கு, ஆனா ஐஸ் மீன். வேணுமெண்டாப் பொரிச்சுத் தாறன். கருவாடு நல்லது" என்றார் கடைக்காரர். விற்கிறவரே இப்படிச் சொல்வதை இந்தப் பயணம் முழுக்கக் கேட்கலாம்.

ஆகவே முதல் நாள் கருவாட்டு நாள். வீதியோரக் கடைகளில் கட்டா, சுறா, திருக்கை, நெத்தலி, சூடை எல்லாம் தொங்குகின்றன, குவிந்தும் கிடக்கின்றன. கட்டாதான் விலை கூட: கிலோ 2,800 ரூபா சொன்னார்கள், பேரம் பேசினால் நூறு இருநூறு இறங்கும். பெரிய மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து, குடலும் பூவும் (செவுள்) எடுத்து, கடல்நீரில் கழுவி, மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்று தடவி, ஓர் இரவு தொட்டியில் அடுக்கி வைக்கிறார்கள். மறுநாள் ஒருதரம் அலசிவிட்டு வெயிலில் போடுவது. இரண்டு மூன்று நாள் காய்ந்தால் போதும்.

கெட்டுப்போவது அநேகமாக முதல் நாள் வெயிலில்தான். மார்ச் வெயில் கடுமை. உச்சி வேளையில் அப்படியே விட்டால் மேற்புறம் சட்டென்று இறுகிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் முள்ளோரத்தில் அழுகத் தொடங்கும். வெளியே பார்த்தால் அருமையான கருவாடு, உள்ளே நாற்றம். அதனால் முதல் நாள் மத்தியானம் ஓலையால் மூடிவைக்கத் தெரிந்தவரிடம் வாங்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவாட்டை வளைத்துப் பார்த்து, நடுமுள்ளோடு ஒட்டிய சதையை நகத்தால் கிளப்பி மணந்தால் போதும். முள்ளோரம் சிவந்திருந்தால் உப்புப் போடும்போதே மீன் பழசு. மேலே இளஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தால் உப்பிலே வாழும் பற்றீரியா பிடித்திருக்கிறது. கழுவினால் போகும் என்பார்கள், வாங்காதீர்கள். மணலில் காயப்போட்டதா, பரணில் வலை விரித்துக் காயப்போட்டதா என்றும் கேட்டுவிடலாம். மணலில் காய்ந்ததை எத்தனை தண்ணீரில் அலசினாலும் பல்லில் நறநறக்கும்.

பொலித்தீன் பையில் கட்டி வாகனத்தில் வைத்தால் அரை நாளில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பத்திரிகைத்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே துணிப்பை. மணம் எப்படியும் வாகனத்தை விட்டுப் போகாது.

இரவில் தீவு வீதிகளில் மெதுவாக ஓட வேண்டும். மன்னார்க் கழுதைகள் தார் வீதியின் நடுவிலேதான் படுக்கும். விளக்கு அடித்தாலும் ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது, சுற்றிக்கொண்டு போவது நம் வேலை.

மார்ச் 10, திங்கள் – பேசாலை, பள்ளிமுனை

விடிந்தும் விடியாமலும் பேசாலைக் கரை. கடல் தட்டையாகக் கிடக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்காத இடைப்பட்ட காலம். வள்ளத்திலிருந்து நண்டு வலையை அப்படியே கரைக்குத் தூக்கிவந்து, கிடுகுப் பந்தலின் கீழ் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து நண்டு கழற்றுகிறார்கள். அடியில் கிடக்கிற வலையில் நீலக்கால் நண்டு காலாலும் கொடுக்காலும் சிக்கியிருக்கும். அவசரப்பட்டால் கொடுக்கு கழன்றுவிடும், கழன்றால் விலை பாதி. ஒரு கையால் முதுகோட்டைப் பின்பக்கமிருந்து அழுத்திப் பிடித்து, மறுகையால் நூலைக் கொடுக்கின் உள்வளைவிலிருந்து நழுவவிடுகிறார்கள். ஒரு நண்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

முழு நண்டுகளில் பெரியவை அங்கேயே நிறுக்கப்பட்டு ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். சதை பிரித்து டின்னில் அடைத்து வெளிநாடு போகிற நண்டு அது. கரையில் மிஞ்சுவது கொடுக்கு ஒடிந்ததும் சிறியதும். சமையலுக்கு அதுவே போதும், உயிரோடிருந்தால் ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. அன்றைய விலை முழு நண்டு கிலோ 1,900, ஒடிந்தது 1,100. செத்த நண்டை மட்டும் எந்த விலைக்கும் தொடக் கூடாது. அதன் சமிபாட்டுச் சுரப்பியில் இருக்கிற நொதியங்கள் செத்த சில மணி நேரத்திலேயே சதையைக் கரைக்கத் தொடங்கும். அவித்தால் மாவாக உதிரும்.

நிலாக் காலத்தில் நண்டில் சதை இராது என்று கரையிலுள்ளவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், பௌர்ணமியும் அடுத்துத்தான் வருகிறது. ஆனால் சதை இல்லாமற் போவதற்கு நேரடிக் காரணம் ஓடு கழற்றுவது. புது ஓட்டுக்குள் முதலில் தண்ணீர்தான் நிறையும், சதை பிடிக்க நாளாகும். எனவே நிலாவைப் பார்ப்பதைவிட நண்டைப் பார்ப்பது மேல். ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பாரமானதை எடுக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தில், கொடுக்கின் அடியில் பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஓடு பளபளவென்று புதுசாக இருந்தால் சந்தேகப்படலாம். கீறலும் கறையும் சிப்பிப் பொட்டும் உள்ள கிழட்டு ஓட்டுக்குள்தான் சதை இறுகியிருக்கும். வயிற்று மடல் ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கு வெளியே முட்டை தள்ளிய பெண் நண்டைக் கடலில் விடச் சொல்கிறார்கள் அதிகாரிகள். விடுகிறவர்களும் உண்டு, விடாதவர்களும் உண்டு.

பள்ளிமுனையில், பெருக்க மரம் என்கிற பருத்த பாவோபாப் மரத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில், சொல்லிவைத்தால் சமைத்துத் தருகிறார்கள். ஒரு கிலோ நண்டு, இரண்டு மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள், தேசிக்காயளவு பழப்புளி, தேங்காயின் இரண்டாம் பால் இரண்டு கப், முதற்பால் அரைக் கப், ஒரு பிடி முருங்கையிலை. நண்டைப் பதினைந்து இருபது நிமிடம் ஐசுக்குள் வைத்து மயங்கிய பிறகு ஓடு கழற்றி, பஞ்சுபோல இருக்கிற பூவையும் கண்ணுக்குப் பின்னாலுள்ள இரைப்பையையும் எறிந்துவிட்டு இரண்டாக வெட்டுகிறார்கள். கொடுக்கை அம்மியில் ஒரே ஒரு தட்டு. வெங்காயம், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை வதங்கியதும் நண்டு, தூள், இரண்டாம் பால், புளி. பன்னிரண்டு நிமிடம் மூடிக் கொதி. பிறகு முதற்பால், முருங்கையிலை, இன்னும் மூன்று நிமிடம். இலையை முதலிலேயே போட்டால் கறி கசக்கும். நண்டு இருபது நிமிடத்தைத் தாண்டினால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், கழன்று வராது.

"பிட்டோட சாப்பிடுங்கோ, சோத்தோட வேண்டாம்" என்று அந்த வீட்டு அம்மா கட்டளையாகச் சொன்னார். சோறு கேட்டவர்களுக்கும் பிட்டுத்தான் வந்தது.

மார்ச் 11, செவ்வாய் – ஏ32 வீதி, பூநகரி

மன்னாரிலிருந்து வடக்கே போகும் ஏ32 வீதியில் கடை குறைவு, நிழல் அதைவிடக் குறைவு. விடத்தல்தீவுப் பக்கம் கண்டல் காட்டுச் சேற்று நண்டு கிடைக்கும். கொடுக்கைச் சணல் கயிற்றால் வரிந்து கட்டி, ஈரச் சாக்கில் சுற்றித் தருவார்கள். ஈரம் காயாமலிருந்தால் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டால்தான் செத்துப்போகும், வாளித் தண்ணீரிலுள்ள ஒட்சிசன் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால்.

முதல் விபத்தும் இந்த வீதியில்தான். மீன் பெட்டியில் வாங்கிப் போட்ட ஐஸ் போதவில்லை. மத்தியானத்துக்குள் பாதி உருகி, அடியில் நின்ற தண்ணீரில் மீன் மிதந்து வெளிறிவிட்டது. இந்த வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதுதான் கணக்கு. அதுவும் கட்டி ஐசாக இல்லாமல் நொறுக்கிப் போட வேண்டும். பெட்டியின் அடியில் துளை திறந்தே இருக்கட்டும். உருகிய தண்ணீரில் ஊறினால் சதை தொய்ந்து மணமும் கரைந்து போகும். பெட்டியை வெயில் படாத பக்கம் வைத்து மேலே ஈரச் சாக்குப் போட்டால் மாலை வரை தாங்கும்.

பூநகரியை அண்டிய ஆழமில்லாக் கடலில் தூரத்திலிருந்தே தெரிகிறது: வரிசை வரிசையாகக் கம்பு நட்டு வலை கட்டிய அடைப்புகள், நடுவே காவலுக்குக் கால்களின் மேல் நிற்கிற குடில். கடலட்டைப் பண்ணைகள். வளர்ப்பது வெள்ளை அட்டை. குஞ்சு விட்டு, கிட்டத்தட்ட ஒரு வருடம் வளர்த்து எடுக்கிறார்கள். தீனி தனியாகப் போடுவதில்லை. சேற்றையும் மணலையும் விழுங்கி அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளும் பிராணி அது. பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவில், 2001 முதல் கடலட்டை பிடிப்பதே குற்றம். இங்கே அனுமதிப்பத்திரத்தோடு தொழில்.

பதப்படுத்தும் கொட்டிலை எட்டிப் பார்க்க விட்டார்கள். வாயோரமாகச் சிறிதாகக் கீறிக் குடல் எடுத்து, பெரிய கிடாரத்தில் அவித்து, ஓர் இரவு மணலில் புதைக்கிறார்கள். மேல்தோலிலுள்ள சுண்ணாம்புத் துணுக்குகள் இளகுவதற்காக. காலையில் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து, காயவைப்பது. காய்ந்ததும் எடையில் பத்திலொரு பங்குகூட மிஞ்சாது. கையில் எடுத்தால் கரிக்கட்டை. ருசி எப்படி என்று கேட்டதற்கு அங்கு நின்ற பெடியன் சிரித்தான்: "நாங்கள் ஒருத்தரும் தின்னிறேல்லை அண்ணை. சீனாக்காரனைத்தான் கேக்கோணும்." அவித்ததிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தந்தார்கள். உப்பு, கொஞ்சம் சேற்று வாடை, மற்றப்படி ஒன்றுமில்லை. கடிக்கக் கடிக்க வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சாற்றையும் மசாலாவையும் இழுத்துக்கொள்கிற பொருள் இது, தனக்கென்று சுவை கிடையாது. பயணத்தில் இரண்டாம் முறை கேட்கத் தோன்றாத ஒரே சாப்பாடு.

2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாலத்தின் இருபுறமும் கடனீரேரியில் சிறகுவலைக் கம்புகள். நீரோட்டத்தோடு வருகிற மீனும் இறாலும் வலைச்சுவரோரம் ஒதுங்கி நீந்தி, கடைசியில் அறைக்குள் போய்ச் சேரும்.

மார்ச் 12, புதன் – யாழ்ப்பாணம்

ஒடியல் கூழுக்கென்று ஒரு நாளை முழுதாக ஒதுக்கலாம், தப்பில்லை.

காலையில் சின்னக்கடைச் சந்தை. கூழுக்கு ஒரே மீன் வாங்கக் கூடாது, கலவன் வேண்டும். விற்கிற அம்மாவிடம் "கூழுக்கு" என்று சொன்னால் போதும், அவரே கூறு கட்டித் தருவார்: இரண்டு மூன்று சிறு நண்டு, ஒரு பிடி இறால், ஒரு சின்னக் கணவாய், விளைமீன் தலையொன்று, முள் கெட்டியான சிறுமீன் கொஞ்சம். அன்று 1,800 ரூபாவுக்கு வாங்கியது ஆறு பேருக்குப் போதுமாயிருந்தது. சூடை மாதிரிப் பொடிமுள் மீனைப் போட விடமாட்டார். கூழுக்குள் முள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, தொண்டைதான் கண்டுபிடிக்கும்.

ஒடியல் மா என்பது பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்து இடித்த மா. அதன் குற்றம் கசப்பு. ஆறு பேருக்கு 200 கிராம் மாவை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் வைத்தால் மா அடியில் படியும், மேலே மஞ்சளாகத் தெளிவு நிற்கும். தெளிவை மெல்லச் சரித்து ஊற்றிவிட வேண்டும். மா பழசென்றால் இன்னொரு தண்ணீர். அதற்கு மேல் கழுவினால் பனையின் மணமே போய்விடும், பிறகு கோதுமை மாக் கரைத்தாலென்ன, இதுவென்ன.

மூன்று லீற்றர் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பதினைந்து இருபது பலாக்கொட்டை, கால் கிலோ மரவள்ளிக்கிழங்குத் துண்டு. இவை முக்கால் வேக்காடு வந்ததும் பயிற்றங்காய், மீன் தலை, நண்டு. ஏழெட்டு நிமிடம் கழித்து மற்ற மீன். இறாலும் கணவாயும் கடைசி. பதினைந்து செத்தல் மிளகாயை மஞ்சளோடு அம்மியில் அரைத்த கூட்டு, எலுமிச்சை அளவு பழப்புளிக் கரைசல், உப்பு. எல்லாம் வெந்து அடங்கிய பிறகுதான் மா. அடியில் படிந்த மாவைக் கொஞ்சம் புதுத்தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, ஒருவர் நூல்போல ஊற்ற இன்னொருவர் அகப்பையால் அடியோடு துழாவ வேண்டும். தனியாள் செய்தால் கட்டிபடுவது இந்த இடத்தில்தான். முருங்கையிலை போட்டு இரண்டு கொதி, இறக்கிவிடலாம். சட்டியில் பார்க்கத் தண்ணியாகத்தான் இருக்க வேண்டும். அடுப்பிலேயே இறுகிவிட்டால் பரிமாறும்போது களியாகிவிடும். ஆற ஆற மா தடித்துக்கொண்டே போகும்.

நல்லூர்ப் பக்கம் ஒரு முற்றத்தில் கூழ் விற்கிறார்கள், அன்று கோப்பை 600 ரூபா. கேட்டால் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தருவார்கள், கரண்டிக்குப் பதிலாக. கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. பக்கத்தில் இருந்த பெரியவர், கோப்பைக்குள் தெரிந்த நண்டுக் காலைக் காட்டி, "உதை முதலிலை சூப்பாதேங்கோ தம்பி. கூழைக் குடிச்சு முடிச்சுப்போட்டு ஆறுதலாச் சூப்புங்கோ, இல்லாட்டிக் கூழ் ஆறிப்போம்" என்றார். அவர் சொன்ன ஒழுங்குதான் சரி. உச்சி வெயிலில், உடம்பெல்லாம் வியர்வை வழிய, மூக்கு ஒழுகக் குடிக்க வேண்டிய சாமான் அது. குளிரூட்டிய அறையில் வைத்துத் தருகிற விடுதிக் கூழ் வேறு சாதி.

மார்ச் 13, வியாழன் – நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து காலைப் படகு, ஒரு மணி நேரம். தீவில் சாப்பாடு வேண்டுமானால் இறங்கினவுடனேயே யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும். மத்தியானம் தேடினால் பணிஸும் சோடாவும்தான். கொண்டுபோகும் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையக் கூடாது. பவளக்கல் வேலிகளுக்கிடையே நிழலே இல்லை, மட்டக் குதிரைகளும் நிழல் தேடித்தான் அலைகின்றன.

சொல்லிவைத்த வீட்டில் கணவாய்க் கறி, மையோடு. மைப்பை குடலோடு ஒட்டி வெள்ளியும் கறுப்புமாக மினுங்கும். தலையைப் பிடித்து இழுக்கும்போது அவசரப்பட்டால் வெடித்துக் கை, சட்டை, நிலம் எல்லாம் கறுப்பு. அந்த வீட்டு அக்கா கத்திமுனையால் பையின் அடிக் காம்பை மட்டும் நறுக்கி, முழுசாகத் தூக்கி ஒரு சிரட்டையில் வைத்தார். ஓடு எடுத்து, தோல் உரித்து, விரலகலத் துண்டு. கணவாய்க்கு நேரம்தான் எல்லாம்: மூன்று நிமிடத்துக்குள் இறக்க வேண்டும், அல்லது முக்கால் மணி நேரம் அடுப்பில் கிடக்க வேண்டும். இடையில் எந்த நேரத்தில் எடுத்தாலும் செருப்புத்தோல். அவர் செய்தது இரண்டாவது வழி. மிளகும் உள்ளியும் கூட, தேங்காய்ப்பால் இல்லை. இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மையைக் கொஞ்சம் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றினார். மை தானே உப்பு, ஆகவே உப்பு அதற்குப் பிறகுதான். கறி தார்போலக் கறுத்துத் தடித்து, இடியப்பத்தில் ஊற்றினால் ஒட்டிக்கொள்கிறது. சாப்பிட்ட பிறகு பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

காசு வாங்க மறுத்துவிட்டார். "கடலிலை கிடந்தது, நான் என்ன விலைக்கோ வாங்கினனான்?" கடைசியில் பிள்ளைகளுக்கென்று கொடுத்ததைத்தான் வாங்கிக்கொண்டார். திரும்புகிற படகு நேரத்தைப் படகுக்காரரிடமே கேட்டு வைத்திருக்க வேண்டும். கரையில் மூன்று பேர் மூன்று நேரம் சொன்னார்கள், நான்காவது நேரத்தில் படகு வெளிக்கிட்டது.

மார்ச் 14, வெள்ளி – பருத்தித்துறை

வெள்ளிக்கிழமை. சைவ வீடுகளில் மச்சம் இல்லை, சந்தையும் பாதிதான். தட்டை வடையும் பிளேன் ரீயும். மொறுமொறுப்பு, எள்ளளவு காரம் கூட. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி – மணற்காடு, தாளையடி

வடமராட்சி கிழக்கில் கரையோடு ஒட்டிய பாதையில் மணல் தார் வீதிக்கு மேலேயே ஏறிக் கிடக்கிறது. மணற்காட்டில் வாகனத்தின் பின்சில்லு அச்சு வரை புதைந்தது. ஆக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கச் சில்லு குழி தோண்டும், அவ்வளவுதான். காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, சில்லுக்கு முன்னாலுள்ள மணலைக் கையால் வாரி, காவோலையைக் குறுக்கே அடுக்கி, இரண்டாம் கியரில் மெல்ல எடுக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லித் தந்தது பந்து விளையாடிக்கொண்டிருந்த பெடியள். ஓலை இழுத்துவந்து, தள்ளி, ஏற்றிவிட்டு, காசு நீட்டினபோது ஓடிவிட்டார்கள். அடுத்த ஊரில் காற்றடிக்கும் கடை இருக்கிறதா என்பதையும் அவர்களிடமே கேட்டிருக்க வேண்டும், இருக்கவில்லை. தாளையடி வரை மணிக்கு இருபது கிலோமீற்றரில் உருட்டினோம்.

தாளையடியில் கரைவலை இழுத்து முடியும் நேரம். முன்பெல்லாம் இரு பக்கமும் ஆட்கள் பாட்டோடு இழுத்த கம்பாவை, அதாவது வலைக் கயிற்றை, சில இடங்களில் இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது. மடியோடு சேர்த்துக் குஞ்சுகளையும் வேகமாக வாரிவிடுகிறது என்று கையால் இழுக்கிறவர்களுக்கு அதில் பெரிய கோபம். அதைவிடப் பெரிய கோபம் அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, வரும் இழுவைப்படகுகள் மீது. இலங்கையில் இழுவைமடித் தொழிலுக்கு 2017இல் சட்டத்தடை வந்தது. இரவில் கடலில் நிற்கிறவர்கள் சட்டப் புத்தகம் கொண்டுவருவதில்லை என்றார் வலையும் வள்ளமும் சொந்தமாக உள்ள ஒரு சம்மாட்டியார். அறுந்த வலையைக் காட்டியபடிதான் சொன்னார்.

மடியைக் கொட்டியதும் மூன்று வகை மீன் தேறியது.

ஒன்று முரல். ஊசிபோல நீண்ட சொண்டு. வெட்டினால் முள்ளெல்லாம் கிளிப்பச்சை! கெட்ட மீனென்று எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பச்சை பிலிவெர்டின் என்ற பித்த நிறமி, அவித்தாலும் பொரித்தாலும் போகாது, ஒரு தீங்கும் இல்லை. சொண்டை ஒடித்து, இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவிப் பொரித்தால் பொடிமுள் மொறுமொறுத்துவிடும்.

இரண்டாவது ஓரா. கையில் எடுக்கும் முன்பே "முள்ளு, முள்ளு!" என்று நாலு பேர் கத்தினார்கள். முதுகு, வயிறு, அடிச் செட்டை என்று எங்கும் நச்சு முள். குத்தினால் ஒரு மணி நேரம் கடுக்கும். கரையிலேயே மருந்து வைத்திருக்கிறார்கள்: கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அரை மணி நேரம் அமிழ்த்திவைப்பது. சூட்டில் நஞ்சு சிதைந்துவிடும், ஐஸ் வைத்தால் பலனில்லை. செட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. இன்னொரு குற்றம் குடல். கடற்புல்லும் பாசியும் தின்கிற மீன் ஆனபடியால் குடல் சீக்கிரம் புளித்துச் சதைக்கும் கசப்பு ஏறும். பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் குடல் எடுத்தால் இதைவிட இனிப்பான சொதி மீன் கிடையாது. பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள், தண்ணிப் பால்; மீன் வெந்ததும் முதற்பால் ஒரு கொதி. தேசிக்காய் அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும்.

மூன்றாவது திருக்கை, வால் முள் வள்ளத்திலேயே வெட்டப்பட்டு வந்தது. அன்று கிலோ 900. சுறா, திருக்கைச் சாதிகளின் சதையில் யூரியா இருக்கிறது. செத்த பிறகு பற்றீரியா அதை அமோனியாவாக மாற்றும், மூத்திர வாடை அதனால். எனவே மூக்கு ஒன்றே தராசு: வாடை வந்தால் வாங்குவதில்லை, லேசாக என்றால் புளித்தண்ணீர் சமாளிக்கும். வறை என்கிற உதிரிப் பிரட்டலுக்கு, சுடுதண்ணீர் ஊற்றி மேல் வழுவழுப்பைக் கத்தியால் சுரண்டி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் அவித்து, தோலும் குருத்தெலும்பும் நீக்கி உதிர்த்து, துணியில் பிழிந்துவிடுகிறார்கள். பிழியாத வறை சகதி. அரைக் கிலோ சதைக்கு ஒரு கப் தேங்காய்ப்பூ, பெருஞ்சீரகம், மிளகு, நறுக்கிய பச்சை மிளகாய். வெங்காயம் பொன்னிறமானதும் கொட்டி, ஈரம் வற்றி உதிரியாகும் வரை சிறு நெருப்பில் பிரட்ட வேண்டும். கடலோரக் கொட்டில் கடையில் இந்த வறையும் சோறும் சொதியும் அன்று 550 ரூபா. இரண்டாம் முறை சோறு போட வந்தவர் கேட்கவேயில்லை, போட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 16, ஞாயிறு – முல்லைத்தீவு

ஞாயிறென்றாலும் நந்திக்கடலில் வீச்சுவலைக்காரர்கள் நிற்கிறார்கள். வட்டுவாகல் ஒற்றைவழிப் பாலத்தில் வாகனம் நிறுத்தக் கூடாது. அக்கரையில் நிறுத்திவிட்டு நடந்துவந்தால், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவரிடமே இறால் வாங்கலாம். அன்று வெள்ளை இறால் கிலோ 1,600. கறுப்பு இறாலுக்கு 2,400 கேட்டார், இரண்டு கிலோவுக்கு ஒரு கைப்பிடி கொசுறு.

தலை கறுத்திருந்தால் அழுகல் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். ஓட்டிலுள்ள நொதியம் காற்றுப்பட்டுக் கறுப்பதும் உண்டு. தலை உடலோடு இறுக்கமாக இருக்கிறதா, ஓடு வழுவழுக்கிறதா என்று பாருங்கள். தலை தொங்கினால் விட்டுவிடலாம். தலைகளை எறியவும் கூடாது. எண்ணெய் இல்லாத சட்டியில் சிவக்க வறுத்து, அம்மியில் தட்டி, தண்ணீர் விட்டுப் பிழிந்து வடித்த சாற்றில்தான் இங்கே முருங்கைக்காய் இறால் கறி வைக்கிறார்கள். முருங்கைக்காய் வெந்த பிறகு இறால் நான்கே நிமிடம். அரைவட்டமாக வளைந்தால் பதம், முழுவட்டமாகச் சுருண்டால் தாண்டிவிட்டது.

மாங்குளம் போகிற ஏ34இல் ஐஸ் கிடைப்பது அரிது, முல்லைத்தீவு நகரிலேயே நொறுக்கி நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் கீழே ஐஸ், நடுவே இறால், மேலே ஐஸ். கருவாடு தனியாக.